பழைய உப்சாலாவின் மூன்று மேடுகள்

(அறப்பணி வாரியத்தின் நன்கொடையாளர் பாராட்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாகத் திருமுறையைப் பற்றியோ தலபுராணத்தைப் பற்றியோ பேசுவார்கள். எனக்கு அந்தப் புலமை இல்லை. பள்ளியில் சரித்திரம் போதித்து ஓய்வு பெற்றவன் நான். செயலாளர் அவர்கள் என்னைப் பேச அழைத்தபோது, "எனக்குத் தெரிந்தது சரித்திரம்தான் ஐயா, அதில் ஒரு கோயிலின் கதையைச் சொல்லலாமா?" என்று கேட்டேன். "தாராளமாகச் சொல்லுங்கள், எந்த ஊர்க் கோயில்?" என்றார். "சுவீடன் நாட்டுக் கோயில்" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி ஐயா, நேரத்தை மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள்" என்றார். அவர் சொல்லைக் காப்பாற்ற முயல்கிறேன்.

என் இளைய மகள் தன் கணவரோடு ஸ்டாக்ஹோம் நகரில் வசிக்கிறாள். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் நானும் என் துணைவியாரும் அங்குப் போய்த் தங்கியிருந்தோம். ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உப்சாலா நகரம் இருக்கிறது. 1477ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகம் அங்கே உண்டு. அந்நகருக்கு வடக்கே இன்னும் 5 கிலோமீட்டர் போனால் 'காம்லா உப்சாலா' என்னும் சிற்றூர் வருகிறது. 'காம்லா' என்றால் அவர்கள் மொழியில் 'பழைய' என்று பொருள். கிறிஸ்துவ சமயம் அந்நாட்டில் வேரூன்றுவதற்கு முன்னர், நோர்ஸ் மக்கள் என்று சொல்லப்படும் வட ஐரோப்பிய மக்கள் தங்கள் தெய்வங்களை வணங்கிய தலைமைத் தலங்களுள் ஒன்று அது. அவர்களுடைய பெரியவர்கள் பலர் எரியூட்டப்பட்டுச் சாம்பலாக உறங்கும் ஈமத்தலமும் அதுவே.

மூன்று மேடுகள்

பேருந்தைவிட்டு இறங்கியதும் புல் மூடிய மூன்று பெரிய மேடுகள் வரிசையாகக் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 மீட்டர் உயரம். அவற்றைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமாக இன்னும் பல மேடுகள். என் துணைவியார் பார்த்துவிட்டு, "இதெல்லாம் குன்றா, இல்லை யாராவது கட்டியதா?" என்று கேட்டார்.

அன்பர்களே, இதே கேள்வியை 1830களில் அந்நாட்டிலும் எழுப்பியிருக்கிறார்கள். அவை இயற்கையாக அமைந்த மண்மேடுகளே என்று சிலர் வாதிட்டார்கள். ஊர் மக்களோ, தோர், ஓடின், ஃபிரே என்னும் மூன்று தெய்வங்களின் பெயரால் அவற்றை அழைத்து வந்தார்கள். ஆவுன், எகில், அடில்ஸ் என்னும் மூன்று பழைய மன்னர்களுடைய மேடுகள் என்றும் ஒரு மரபு உண்டு. இந்த வழக்கைத் தீர்ப்பதற்காக 1846ஆம் ஆண்டில் ப்ரூர் எமில் ஹில்டிபிராண்ட் என்னும் அறிஞர் கிழக்கு மேட்டைக் குடைந்து உள்ளே போனார். நடுவில் கற்குவியல் ஒன்று இருந்தது. அதன் அடியில் எரிந்த எலும்புகள் கொண்ட மண்கலயமும், அதைச் சுற்றித் தீயில் கருகிய படையல் பொருள்களும் கிடைத்தன. 1874ஆம் ஆண்டில் அவரே மேற்கு மேட்டையும் திறந்தார். அங்கேயும் சிதையின் எச்சங்களே இருந்தன. ஊர் மக்களின் வாய்மொழிக்கு ஓர் அடிப்படை இருந்தது என்பது அன்றைக்குத் தெளிவாயிற்று.

இவை கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இறந்தவரை அந்த இடத்திலேயே பெரிய சிதை அடுக்கி எரித்திருக்கிறார்கள். எலும்பைத் திரட்டிக் கலயத்தில் இட்டு, அதன்மேல் கல்லைக் குவித்து, அதற்குமேல் மணலும் களிமண்ணும் கொட்டி, மலைபோல் எழுப்பியிருக்கிறார்கள். சுனோரி ஸ்துர்லுசன் என்னும் ஐஸ்லாந்து நாட்டுப் புலவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய மன்னர் வரலாற்றில் ஒரு செய்தி வருகிறது. இறந்தவர்களை எரிக்க வேண்டும், சாம்பலைக் கடலில் இடவோ மண்ணில் புதைக்கவோ வேண்டும், சிறந்தவர்களுக்கு மேடு எழுப்ப வேண்டும் என்று ஓடின் விதித்தாராம். எரியூட்டி, எலும்பு பொறுக்கி, சாம்பலைக் கடலில் கரைக்கும் நமக்கு இதைப் படிக்கும்போது அந்நியமாகத் தோன்றவில்லை.

மேற்கு மேட்டில் எரியூட்டப்பட்டவர் ஓர் ஆடவர். பொன்னும் கார்னெட் என்னும் செந்நிறக் கல்லும் பதித்த வாள், தந்தத்தால் செய்த ஆட்டக்காய்கள், மத்தியக் கிழக்கிலிருந்து வந்த உருவம் செதுக்கிய கற்கள் ஆகியவற்றின் எச்சங்கள் அவருடைய சாம்பலில் இருந்தன. பனிநாட்டின் ஒரு மூலையில் இருந்தவர்களுக்கு உலகத்தோடு எவ்வளவு தொடர்பு இருந்திருக்கிறது, பாருங்கள். அந்நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அணிகலன்களில் பதிக்கப்பட்ட கார்னெட் கற்களை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, அவற்றில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று தெரிய வந்திருக்கிறது.

இன்னொரு செய்தி உங்களுக்கு மகிழ்ச்சி தரும். ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே மேலாரன் என்னும் ஏரியில் ஹெல்யோ என்றொரு தீவு இருக்கிறது. இந்த மேடுகள் எழுந்த காலத்திலேயே அது வணிகத் தலமாக விளங்கியது. 1956ஆம் ஆண்டில் அங்கே அகழாய்வு செய்தபோது, சுமார் 8 சென்டிமீட்டர் உயரமே உள்ள வெண்கலப் புத்தர் சிலை ஒன்று கிடைத்தது. தாமரைமேல் அமர்ந்த கோலம். இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்குப் பகுதியில், 6ஆம் நூற்றாண்டளவில் வார்க்கப்பட்டது என்று கருதுகிறார்கள். எத்தனை கை மாறி, எத்தனை ஆறும் மலையும் கடந்து அங்கே போய்ச் சேர்ந்ததோ! ஸ்டாக்ஹோம் அரும்பொருளகத்தில் அதைக் கண்டபோது என்னையும் அறியாமல் கைகூப்பினேன்.

பொன் வேய்ந்த கோயில்

இனிக் கோயிலுக்கு வருகிறேன். உப்சாலாக் கோயிலைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள விரிவான வருணனை ஒன்றே ஒன்றுதான். ஜெர்மனியின் பிரேமன் நகரத்தைச் சேர்ந்த ஆதாம் என்னும் பாதிரியார் 1070களில் இலத்தீன் மொழியில் எழுதியது அது.

அக்கோயில் முழுவதும் பொன்னால் அலங்கரிக்கப்பட்டிருந்தது என்கிறார். உள்ளே மூன்று திருவுருவங்கள். நடுவில் தோர். இருபுறமும் வோடனும் ஃபிரிக்கோவும். வோடன் என்பது ஓடினுக்கும், ஃபிரிக்கோ என்பது ஃபிரேவுக்கும் அவர் எழுதும் பெயர். பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தால் தோருக்குப் படைப்பார்கள். போர் வந்தால் வோடனுக்கு. திருமணம் என்றால் ஃபிரிக்கோவுக்கு. இடியையும் மழையையும் ஆளும் தோர் கையில் சம்மட்டி ஏந்தியவர். வச்சிராயுதம் ஏந்திய இந்திரனோடு அவரை ஒப்பிடும் ஆய்வாளர்கள் உண்டு. அந்தத் தெய்வங்கள் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. ஆங்கிலத்தில் புதன்கிழமையை 'வெட்னஸ்டே' என்கிறோமே, அது வோடனின் நாள். வியாழக்கிழமையாகிய 'தர்ஸ்டே' தோரின் நாள். வெள்ளிக்கிழமையாகிய 'ஃபிரைடே' ஓடினின் துணைவியான ஃபிரிக் தேவியின் நாள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே பெருவிழா நடந்தது என்றும், மன்னரும் குடிகளும் அனைவரும் காணிக்கை அனுப்ப வேண்டும் என்றும், கிறிஸ்துவத்தைத் தழுவியவர்கள்கூடப் பணம் செலுத்தித்தான் விலக்குப் பெற முடிந்தது என்றும் ஆதாம் எழுதுகிறார். அவ்விழாவில் ஒவ்வோர் உயிரினத்திலும் ஒன்பது ஆண்களைப் பலியிட்டு, மனிதரையும் நாயையும் குதிரையையும் கோயிலை அடுத்த புனிதச் சோலையில் தொங்கவிட்டார்கள் என்றும் எழுதுகிறார். கேட்பதற்கே நடுக்கமாக இருக்கிறது. இது மெய்யா, பொய்யா?

முழுவதும் பொய் என்று தள்ளிவிட முடியாது. சுவீடனின் வடபகுதியில், ஃபிரேயின் பெயர் தாங்கிய ஃபுரோசோ என்னும் தீவில், பழைய தேவாலயத்துப் பீடத்தின் கீழ் 1984ஆம் ஆண்டில் தோண்டினார்கள். ஒரு பிர்ச் மரத்தின் அடிக்கட்டையும், அதைச் சுற்றிக் கரடி முதலான விலங்குகளின் எலும்புகளும் அங்கே இருந்தன. ஆகவே மரத்தடியில் பலி கொடுக்கும் வழக்கம் வடநாட்டில் இருந்தது உண்மை. ஆனால், உப்சாலாவைப் பற்றி எழுதிய ஆதாம் அந்தக் கோயிலைக் கண்ணால் கண்டவர் அல்லர். பிறர் சொல்லக் கேட்டு எழுதியவர். அந்த வழிபாட்டை ஒழிக்க முனைந்திருந்த திருச்சபையின் பணியாளர். தமக்குப் பிடிக்காத ஒரு சமயத்தைப் பற்றி எழுதும்போது கை எந்தப் பக்கம் சாயும் என்பதை நாம் அறிவோம்.

அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர் எழுதாமல் விட்டிருந்தால் இந்த அளவுகூட நமக்குத் தெரிந்திராது. ஆனால் ஒரே ஓரிடத்தில் என் மனம் நின்றுவிட்டது. அந்த விழாவில் பலவகைப் பாடல்கள் பாடப்படுகின்றன என்றும், அவை தகாத பாடல்கள் ஆதலால் அவற்றைப் பற்றிப் பேசாமல் விடுவதே நல்லது என்றும் சொல்லிவிட்டு அவர் மேலே போய்விடுகிறார்.

அன்பர்களே, எத்தனை தலைமுறையாக யார் யார் பாடிய பாடல்களோ! மழை வேண்டிப் பாடியிருப்பார்கள், பிள்ளை வரம் வேண்டிப் பாடியிருப்பார்கள். ஒன்றுகூட நமக்கு வரவில்லை. அவர்கள் எழுத்தறியாதவர்களும் அல்லர். ரூன் என்னும் எழுத்து அவர்களிடம் இருந்தது. சுவீடனில் மட்டும் 2,500க்கும் மேற்பட்ட ரூன் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. ஆனால் தங்கள் கோயிலில் என்ன பூசை நடந்தது, யார் நடத்தினார்கள், என்ன பாடினார்கள் என்று அந்த மக்கள் தாங்களே எழுதி வைத்த ஏடு ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை.

கோயிலுக்கு எழுதி வைத்த சொத்து

அறப்பணி வாரியத்தின் மேடையில் இந்தக் கதையைச் சொல்ல நான் விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. முன்னே குறிப்பிட்ட சுனோரி, உப்சாலாவில் கோயில் எழுப்பியவர் ஃபிரே என்று எழுதுகிறார். அவர் வெறுமனே கோயிலைக் கட்டி விடவில்லை. தம் வருவாய், நிலம், பொருள் அனைத்தையும் அத்தலத்துக்கே எழுதி வைத்தாராம். அதற்கு 'உப்சாலா ஓத்' என்று பெயர். உப்சாலாவின் செல்வம் என்று பொருள் கொள்ளலாம். நம் வழக்கில் சொன்னால் தேவஸ்தானச் சொத்து.

ஃபிரேயின் கதை புராணமாக இருக்கலாம். ஆனால் அந்தச் சொத்து புராணமன்று. பல மாவட்டங்களில் அதற்குப் பண்ணைகள் இருந்தன. சுவீடனின் இடைக்காலச் சட்டநூல்களிலும் அப்பெயர் வருகிறது. ஆனால் அதற்குள் அது மன்னரின் சொத்தாகிவிட்டது. கோயில் மறைந்தது, அதற்காக எழுதி வைத்த நிலம் மட்டும் வேறொருவர் கைக்கு மாறி நின்றது.

கோயில் எப்படி மறைந்தது? 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே என்னும் மன்னர் பலியிட மறுத்ததால் மக்கள் அவரைக் கல்லெறிந்து துரத்தினார்கள் என்றும், பலியிட ஒப்புக்கொண்ட ஸ்வேன் என்பவரை அரசராக்கினார்கள் என்றும், மூன்றாண்டு கழித்து இங்கே திரும்பி வந்து ஸ்வேனைக் கொன்றார் என்றும் ஒரு பழங்கதை சொல்கிறது. அது எப்படி ஆயினும், 1164ஆம் ஆண்டில் அவ்வூர் பேராயரின் இருப்பிடமாகியது. பெரிய தேவாலயம் எழுந்தது. பிறகு தீ விபத்தில் அது சேதமடைந்தது. 1273ஆம் ஆண்டில் பேராயர் பீடமும் இன்றைய உப்சாலா நகருக்கு மாறியது. எஞ்சிய சிறிய தேவாலயம் மேடுகளுக்கு அருகில் அமைதியாக நிற்கிறது. காய்ச்சல் வந்தால் எத்தனை டிகிரி செல்சியஸ் என்று கேட்கிறோமே, அந்த ஆண்டர்ஸ் செல்சியஸ் என்னும் விஞ்ஞானியின் கல்லறை அதனுள் இருக்கிறது.

தெய்வங்கள் போன பின்னும் ஒன்று மட்டும் போகவில்லை. அது சந்தை. குளிர்காலக் கடைசியில் உப்சாலாவில் பெருவிழாவும், நாட்டார் கூடி வழக்குத் தீர்க்கும் மன்றமும், சந்தையும் சேர்ந்தே நடந்து வந்தன. நாடு கிறிஸ்துவ நாடானபின் விழா நின்றது. சந்தையை வேறு நாளுக்கு மாற்றி மூன்று நாளாகக் குறைத்தார்கள் என்று சுனோரி எழுதுகிறார். 'டிஸ்திங்' என்னும் அந்தப் பழைய பெயரிலேயே உப்சாலா நகரில் இன்றும் பிப்ரவரி மாதத்தில் சந்தை கூடுகிறது.

அளவு மீறிய அன்பு

பகைவர் எழுதினால் ஒருவகைக் கேடு என்றேன். அன்பர் எழுதினால் நன்மைதானா? அதற்கும் உப்சாலாவிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

ஊலோஃப் ருட்பெக் என்பவர் 17ஆம் நூற்றாண்டில் உப்சாலாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். மனித உடலில் ஓடும் நிணநீர் நாளங்களைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர். அத்தகைய மேதை, தாய்நாட்டுப் பற்றால், கடலில் மூழ்கியதாகக் கிரேக்கர் சொன்ன அட்லாண்டிஸ் நாடு சுவீடனே என்றும், அதன் தலைநகரம் பழைய உப்சாலாவே என்றும் நிறுவுவதற்குப் பெரிய பெரிய நூல்களை எழுதினார். முதல் பாகம் 1679ஆம் ஆண்டில் வெளிவந்தது. அன்றைக்குப் பலர் பெருமைப்பட்டார்கள். இன்றைக்கு அதை யாரும் சரித்திரமாக ஏற்பதில்லை. மூல ஆதாரம் இல்லாத இடத்தில் பகை ஒருபுறம் இழுக்கும், பெருமை மறுபுறம் இழுக்கும். நடுவில் உண்மை தவிக்கும்.

மண் சொல்லும் சாட்சி

ஏடு இல்லாத இடத்தில் மண்ணைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. 1926ஆம் ஆண்டில் சூனே லிண்ட்க்விஸ்ட் என்னும் ஆய்வாளர் தேவாலயத்தின் அடியில் தூண் நட்ட குழிகளைக் கண்டார். இதுவே பொன் வேய்ந்த கோயில் என்று அன்று எண்ணினார்கள். பின்வந்த ஆய்வாளர்கள் அதை உறுதியாக ஏற்கவில்லை. தேவாலயத்துக்கு அருகிலுள்ள மேடையில் சுமார் 50 மீட்டர் நீளமுள்ள மாபெரும் மர மண்டபம் ஒன்று இருந்ததைப் பிற்கால அகழாய்வுகள் காட்டின. கி.பி. 600ஐ ஒட்டிக் கட்டப்பட்டு, 800ஐ ஒட்டித் தீக்கிரையானது அது. அதன் கதவுகளில் சுருள் சுருளாக இரும்பு வேலைப்பாடு இருந்திருக்கிறது. தனியே கோயில் என்று ஒன்று இல்லாமல், இத்தகைய மண்டபத்திலேயே வழிபாடும் விருந்தும் நடந்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு.

புதிய ரயில் பாதை போடுவதற்காக நிலத்தைத் தோண்டியபோது, வரிசை வரிசையாகப் பெரிய மரத்தூண்கள் நட்டிருந்த அடையாளங்கள் வெளிப்பட்டன. 2013ஆம் ஆண்டில் செய்தி வெளியானது. மொத்தம் 144 தூண்களின் தடயங்கள். ஒரு வரிசை மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். அவை 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மூன்று பெரிய மேடுகளுக்கும் முந்தியவை. எதற்காக நட்டார்கள்? ஊர்வலப் பாதையா? புனித எல்லையா? தூண்கள் இருந்த குழிகள் இருக்கின்றன, காரணம் சொல்ல ஆள் இல்லை.

2018ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் இன்னொன்று. ஒரு பழைய நிலவறையின் கீழ் இரண்டு படகுகள் கிடைத்தன. இறந்தவரைப் படகோடு புதைக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. ஒரு படகு கலையாமல் அப்படியே இருந்தது. பின்பகுதியில் ஓர் ஆடவர். முன்பகுதியில் ஒரு குதிரையும் ஒரு நாயும். பக்கத்தில் அவருடைய ஆயுதங்களும் ஒரு சீப்பும். போகும் வழியில் தலைவாரிக் கொள்ள வேண்டும் என்று யாரோ ஒருவர் மறவாமல் வைத்திருக்கிறார். அவர் பெயர் என்ன? தெரியாது.

ஒரு காலத்தில் அந்த ஊரைச் சுற்றி 2,000 முதல் 3,000 வரை மேடுகள் இருந்தன என்று கணக்கிடுகிறார்கள். இன்று எஞ்சியவை சுமார் 250. மற்றவை வயலாகவும் தோட்டமாகவும் மண் வெட்டும் குழியாகவும் போயின. யாரும் பகைமையால் அழிக்கவில்லை. யாருடைய மேடு என்று சொல்ல ஆளில்லாமற் போனதால் அழிந்தவை அவை.

திரும்பும் நேரத்தில் தேவாலயத்தின் சுவரில் பதிக்கப்பட்டிருந்த ரூன் கல் ஒன்றை என் மகள் காட்டினாள். இங்கிலாந்துக்குக் கடல் கடந்து போய்வந்த சிக்வித் என்னும் ஒருவன், தன் தகப்பனின் நினைவாக நாட்டிய கல். தகப்பன் பெயரும் அதில் இருக்கிறது. மன்னர்கள் என்று நாம் நினைப்பவர்கள் மலைபோன்ற மேடுகளுக்குள் பெயர் உறுதிப்படாமல் கிடக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளை பொறித்து வைத்ததால் அந்தத் தகப்பன் பெயர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டாக நிற்கிறது.

நான் செய்த பிழை

அந்தக் கல்லின் முன்னால் நின்றபோது எனக்குத் துக்கம் வந்தது. அதன் காரணத்தை இதுவரை வெளியில் சொன்னதில்லை. இன்று உங்கள் முன் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்துக் கோயிலின் செயலாளராக இருந்தேன். திருப்பணிக்காக முன்மண்டபத்தை இடித்தபோது, பரண்மேல் ஒரு தகரப்பெட்டி இருந்தது. திறந்து பார்த்தால் பழைய உபயக் கணக்குப் புத்தகங்கள். பாதி செல்லரித்திருந்தது. மற்றப் பாதியில் மை மங்கியிருந்தது. இளைஞர்கள், "என்ன செய்வது சார்?" என்று கேட்டார்கள். அன்றைக்கு எனக்கு ஆயிரம் வேலை. "குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிடுங்கள்" என்றேன். சரித்திர ஆசிரியராகிய நான் சொன்னேன்.

கும்பாபிஷேகம் முடிந்து சில வாரம் கழித்து ஒரு பாட்டி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "தம்பி, எங்கப்பா இந்தக் கோயில் கட்ட மாசம் ஒரு நாள் சம்பளம் குடுத்தாரு. கங்காணி நோட்டிலே பேர் எழுதுவாங்க. இந்தப் புள்ளைக்குக் காட்டணும்" என்றார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. சிறிது நேரம் சந்நிதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பரவாயில்லை தம்பி. சாமிக்குத் தெரியும்" என்றார்.

சாமிக்குத் தெரியும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தப் பையன் ஒன்றும் பாராமல் திரும்பிப் போனான். அந்தத் தோட்டமும் பின்னர் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. அங்கே ஒரு நாள் சம்பளத்தை விட்டுக் கொடுத்த மக்களின் பெயர்ப்பட்டியல் இப்போது உலகில் எங்கும் கிடையாது. அதை அழித்தவர் அந்நியர் அல்லர், நான்தான்.

ஒரு வேண்டுகோள்

நன்கொடையாளர்களே, உங்களுடைய கொடையால் கோபுரம் எழும், அன்னதானம் நடக்கும், பிள்ளைகளுக்குக் கல்வி நிதி சேரும். அதற்காக இன்று உங்களுக்கு மாலை சூட்டுகிறோம். அத்துடன் இன்னொரு கொடையையும் உங்களிடம் கேட்கிறேன். அதற்குப் பணம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும்.

உங்கள் கோயிலில் ஆண்டுத் திருவிழா எந்த வரிசையில் நடக்கிறது என்று எழுதுங்கள். வயதான அம்மையார் ஒருவர் தாலாட்டு போல ஒரு பாட்டை அம்மன் முன்னால் பாடுவார். அது எந்தப் புத்தகத்திலும் இராது. அவர் பாடும்போது பதிவு செய்யுங்கள், சொல்லச் சொல்லி எழுதிக் கொள்ளுங்கள். வீட்டில் உள்ள பழைய படத்தின் பின்புறத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பென்சிலால் குறியுங்கள். பத்தாயிரம் வெள்ளி கொடுத்தவர் பெயரைப் பளிங்கில் பொறிக்கிறோம். பத்து வெள்ளி கொடுத்தவர் பெயரும் பாத்திரம் துலக்கியவர் பெயரும் ஓர் ஏட்டிலாவது இருக்கட்டும். பெருமைக்காகக் கூட்டியும் எழுத வேண்டாம், வெட்கப்பட்டுக் குறைத்தும் எழுத வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பழைய பெட்டி எதையாவது கொளுத்துவதற்கு முன் ஒரு பெரியவரைக் கேளுங்கள்.

அன்று மாலை பத்து மணி ஆகியும் அந்நாட்டில் இருட்டவில்லை. மேடுகளின்மேல் வெயில் சாய்ந்து கிடந்தது. சிறு பிள்ளைகள் அவற்றைச் சுற்றி ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் யார் என்று ஒரு பிள்ளை கேட்டால் அவர்களுடைய பெற்றோர் என்ன சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டே பேருந்தில் ஏறினேன். நம் கோயிலைக் கட்டியவர்கள் யார் என்று நம் பிள்ளைகள் கேட்கும்போது, நாம் எடுத்துக் காட்ட ஓர் ஏடு இருக்க வேண்டும்.